நிபந்தனையோடு தேர்ச்சி

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. சிவப்பு வாளியில் ரோஜா சிராப்பைக் கரைத்து, ஐஸ் கட்டிகளைப் போட்டு, நீள அகப்பையால் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தான். இடது கையில் கைபேசி, வலது கையில் முறுக்கு.

"என்னப்பா, பாட்டா கேக்குற?"

"ஓரியண்டேஷன் அங்கிள். யூனி ஸ்டார்ட் ஆயிருச்சு."

"இங்கயா?"

"ஓன்லைன் லா அங்கிள். கேமரா ஓஃப். அப்பப்ப தம்ஸ் அப் போட்டா போதும்."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முறுக்கைக் கடித்தான். அவனைக் கல்லூரி வரவேற்றுவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

என் கைக்கு ஒரு கோப்பை சிராப் வந்தது. ஓரியண்டேஷன் என்றால் எனக்கு இந்த வாசனைதான். கோல சிலாங்கூரில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் என் முதல் வேலை. அங்கே புதிய மாணவர்களின் அறிமுக வாரம் முழுவதும் கேன்டீன் காதர் பாய் இதே மாதிரி வாளியில்தான் சிராப் கலக்குவார். மேலே எறும்புகள் மிதக்கும். "எறும்பு கண்ணுக்கு நல்லது சார், மருந்துக்குக் காசு வாங்கலையேன்னு சந்தோஷப்படுங்க" என்பார். நான் இத்தனை வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கல்லூரியில் என் பதவிக்கு மாணவர் விவகாரப் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் நான், ஒரு மேசை, ஒரு விசில். ஆனால் எல்லாவற்றுக்கும் நடைமுறை உண்டு. நான் எழுதியவைதான். விசிலை இரவல் கொடுப்பதற்குக்கூட ஒரு நடைமுறை எழுதியிருந்தேன். அறிமுக வார நிகழ்ச்சி நிரலில் பதிவு, வரவேற்புரை, விதிமுறை விளக்கம் ஆகியவற்றுக்குக் கீழே "கலகலப்பு" என்று ஓர் உருப்படி சேர்த்து, அதற்கும் நேரம் ஒதுக்கி, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன். என்னை அறிந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்தே சிரித்துவிடுவார்கள். அந்த வகையில் உருப்படி நிறைவேறியது.

வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ரப்பர், செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள். தகரப் பெட்டியும் எண்ணெய் வைத்த தலையுமாக வந்து நிற்பார்கள். குழு குழுவாகப் பிரித்து, கழுத்தில் பெயர் அட்டையை மாட்டி, சாக்கு ஓட்டம், வாழைப்பழப் போட்டி, கல்லூரிப் பாட்டு என்று ஓட விடுவோம். எந்தக் குழுவுக்கு எத்தனை புள்ளி என்று கேன்டீன் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதுவோம். எதற்குப் புள்ளி என்று யாரும் கேட்டதில்லை. புள்ளி இல்லாவிட்டால் பிள்ளைகள் ஓட மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

அந்த வருடம் ராசா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசுகி என்று ஒரு பெண் வந்தாள். ஒல்லியான உருவம். வாழைப்பழப் போட்டியில் மற்றவர்கள் தோலை உரித்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டாள். தோலை எங்கேயும் காணவில்லை. சாக்கு ஓட்டத்தில் இரண்டு பையன்களை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முதலில் வந்தாள். பத்துப் பேரின் பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் தெரிந்துகொண்டு வரச் சொன்னோம். அவள் காவல்காரர் வரைக்கும் எல்லாரையும் விசாரித்துவிட்டு, கேன்டீன் பூனைக்கு நெத்திலிதான் பிடிக்கும் என்றும் சொன்னாள். கல்லூரிப் பாட்டை அவள் பாடிய பாட்டில் மற்றவர்கள் பயந்து நிறுத்திவிட்டார்கள்.

மலாவத்திக் குன்றில் புதையல் வேட்டை வைத்தோம். அங்கே குரங்குகள் உண்டு என்பது உலகத்துக்கே தெரியும். குறிப்புச் சீட்டைக் கச்சான் கடலைப் பொட்டலத்துக்குள் ஒளித்து வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு குரங்கு ஓடியது. மற்றக் குழுக்கள் என்னிடம் முறையிட வந்தன. வாசுகி குரங்கிடம் போனாள். பழைய பீரங்கியைச் சுற்றி இரண்டு பேரும் ஓடினார்கள். கடைசியில் குரங்கே சீட்டைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. கடலையைத் தின்றுகொண்டே அவளை வெகுநேரம் முறைத்துப் பார்த்தது.

மாணவர் ஈடுபாடு மிகச் சிறப்பு என்று நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதே குழுவில் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வந்த குமரன் என்று ஒருவன் இருந்தான். நல்ல பையன், தூக்கம்தான் அவனுடைய கலை. சாக்கு ஓட்டத்தில் சாக்குக்குள் இறங்கியவன் வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால் உள்ளேயே சுருண்டு தூங்குகிறான். வாசுகி சேர்த்த புள்ளிகளை எல்லாம் அவன் ஒருவனே தூங்கித் தீர்த்தான். வெள்ளிக்கிழமை வடமிழுப்பிலும் தோற்று, அந்தக் குழு கரும்பலகையில் கடைசிக்குப் போனது.

அன்று மத்தியானம் காதர் பாய் என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்த ராசா புள்ள தட்டக் கழுவி என் கையிலயே குடுத்துட்டுப் போவுது. நாளையிலேந்து எனக்குச் சோறு வேணாம் பாய்ங்குது. என் சோறு அவ்வளவு மோசமா சார்?"

அவருடைய சோற்றைப் பற்றிய என் கருத்தைத் தள்ளிவைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். வாசுகி தகரப் பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க குரூப்புதான் சார் கடசி. கடசி குரூப்ப அனுப்பிருவீங்கல்ல?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? போர்டுல போட்டிருக்கே."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் தோட்டத்திலிருந்து செரண்டா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களைச் சில நாள் வைத்துப் பார்ப்பார்களாம். கை மெதுவாக இருந்தால் வேனிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவளுடைய அக்காவை அப்படித்தான் அனுப்பினார்கள். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் எல்லாரும் பார்க்க வேன் வந்து நின்றது. அக்கா அதற்கப்புறம் குழாயடிக்குப் போவதில்லை. கல்லூரியிலும் முதல் வாரம் வைத்துப் பார்த்துக் கழிப்பார்கள் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். கழித்துவிட்டால் திங்கட்கிழமை அதே வேனில் இவள் ஏற வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

"யாரையும் அனுப்ப மாட்டோம் அம்மா. இது சும்மா விளையாட்டு."

அவள் என்னை அந்தக் குரங்கு அவளைப் பார்த்த மாதிரி பார்த்தாள். "சும்மாவா சார்? தோலோட முழுங்கினேன் சார்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்களே எங்கப்பாகிட்ட சொல்லிருங்க சார். நாளைக்கு ரிசல்ட் கேக்க வராரு."

வந்தார். தனியாக வரவில்லை. தோட்டத்து லோரியில் பாதி லயத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பெண்கள் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து வாசலில் கடை விரித்தார்கள். அப்பா பெருமாள் அந்தத் தோட்டத்து மண்டோர். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பி அனுப்பி, மனிதர்களை மேலும் கீழும் அளக்கும் பார்வை அவருக்கு வந்திருந்தது. என்னையும் அளந்தார். நான் அறிமுக வாரத்தின் நோக்கங்களை நல்ல தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப யாரையும் கழிக்க மாட்டீங்க?"

"மாட்டோம்."

"எல்லாரும் பாஸு?"

"பாஸ் என்று இல்லை. பதிந்தவர்கள் எல்லாரும் மாணவர்கள்தான்."

"நான் மண்டோரு சார். ஆளு எடுத்தா நாலு பேர்ல ஒருத்தன கழிச்சுத்தான் எடுப்பேன். யாரையுமே கழிக்காத எடத்துல படிச்சு என்னா சார் பிரயோஜனம்? வா புள்ள, பொட்டியத் தூக்கு."

உண்மையைச் சொன்னால் காரியம் நடக்கும் என்று எந்த நடைமுறையில் எழுதி வைத்தேனோ தெரியவில்லை. பெட்டி லோரியில் ஏறிவிட்டது. வாசுகி அதன் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். வாரம் முழுக்க ஒரு போட்டியிலும் அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் இருங்க மண்டோர்" என்றேன். "முடிவு இன்னும் அறிவிக்கல."

உள்ளே போய்க் கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டேன். மேசையை வாசலுக்கு எடுத்து வரச் செய்து, மைக்கைப் பொருத்தி, விசில் ஊதினேன். லோரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "அறிமுக வாரத் தேர்வின் முடிவு" என்று ஆரம்பித்தபோது என் குரலை எனக்கே நம்பப் பிடித்தது.

"வாசுகி, தந்தை பெயர் பெருமாள். தேர்ச்சி!"

பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி அவித்த கிழங்கோடு கையைத் தூக்கினாள். பெருமாள் மட்டும் அசையவில்லை.

"எத்தினியாவது?"

அதற்குள், பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த மற்றப் பெற்றோர்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் பிள்ளை பெயர் எங்கே என்றார்கள். விடவில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்தேன். தேர்ச்சி, தேர்ச்சி என்று போகப் போகப் பெருமாளின் முகம் இறுகியது. குமரன் பெயர் வந்தது. அவன் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இவனுமா பாஸு?" என்றார் பெருமாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு யோசித்தேன். அப்புறம் கையை எடுத்தேன்.

"குமரன். நிபந்தனையோடு தேர்ச்சி. இரண்டு மாதம் கண்காணிப்பு."

குமரனின் அம்மா அந்த இடத்திலேயே அவன் காதைத் திருகினார். "ஆயி, என்னாச்சு, பஸ் வந்துருச்சா?" என்று விழித்தான். லோரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ம்ம்" என்றார் பெருமாள். "அப்படிச் சொல்லுங்க." லோரியில் ஏறிப் பெட்டியை அவரே இறக்கி, மகளின் காலடியில் வைத்தார். "திருப்பி அனுப்பாம இருந்துக்க" என்று மட்டும் சொன்னார். வாசுகி இருந்துகொண்டாள். படிப்பை முடித்துக் கிள்ளானில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குமரனும் முடித்தான். இரண்டு மாதமும் அவனைக் கண்காணிக்கும் பொறுப்பைக் காதர் பாய் தானாக எடுத்துக்கொண்டு, பையனுக்குக் கோப்பி கொடுத்தே எழுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் யாரும் சொல்லாமலேயே லோரிகள் வந்தன. இந்தக் கல்லூரியில் சனிக்கிழமை ரிசல்ட் சொல்வார்கள் என்று தோட்டம் தோட்டமாகச் செய்தி போயிருந்தது. நான் அதற்கும் ஒரு நடைமுறை எழுதினேன். வருடத்துக்கு ஒரு தூங்குமூஞ்சியாவது நிபந்தனையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் மண்டோர்கள் நம்ப மாட்டார்கள்.

பிறகு தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்கள் போயின, மண்டோர்கள் போனார்கள், லோரி ஏறி இன்னொருவர் பிள்ளையின் முடிவைக் கேட்க வரும் ஆட்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள். கல்லூரி ஷா ஆலாமுக்கு மாறியது. நான் ஓய்வுபெற்ற வருடம், புதிய கட்டடத்தின் கூடத்தில் பெயர்களைப் படித்து முடித்து மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைச் சட்டையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"ஷிஃப்ட் முடிய லேட்டாயிருச்சு சார். எம்மவன் பேரு வாசிச்சிட்டீங்களா?"

மகன் பக்கத்தில்தான் நின்றான், காதில் இயர்ஃபோன் கம்பியோடு. "அப்பா, மாலு லா, வெக்கமா இருக்கு. வாங்க போவோம்."

மைக் இல்லாமல், கூடம் எதிரொலிக்கும்படி அந்தப் பையனின் பெயரையும் தந்தையின் பெயரையும் சொல்லி, "தேர்ச்சி" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனி ஆளாகக் கை தட்டினார். மகன் நெளிந்தான். அவர் நிறுத்தவில்லை.