வோபர்னிலிருந்து பிறம்ரனுக்கு: அமெரிக்காவில் எஞ்சினியருக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கனடாவில் ஸ்காபரோவின் வோபர்னிலிருந்து, ரொறன்ரோவைக் கடந்து மேற்கே இருக்கும் பிறம்ரனுக்குப் போய் வந்தோம். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் ஸ்காபரோவில் குடியிருக்காதவர்கள். கலியாண வீடோ செத்த வீடோ இல்லாமல் இங்கிருந்து ஒருவரும் பிறம்ரன் போவதில்லை. நாங்கள் போனது இரண்டுக்கும் நடுவிலான ஒரு காரியத்துக்கு.

மகள் அபிக்குப் பதினேழு வயது. இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று அமெரிக்காவில், ஒஹாயோவில், கணினிப் பொறியியல். மற்றது வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ரொறன்ரோவில், இயந்திரப் பொறியியல். ஒஹாயோவுக்கு வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் வீடு விற்கும் தொழில் செய்பவன். பஸ் தரிப்பு வாங்கில் விளம்பரங்களில் என் படம் இருக்கிறது, அதில் எனக்குத் தலைமயிரும் இருக்கிறது. வீடு பார்க்க வருபவர்களுக்குக் குசினியைக் காட்டுவதற்கு முன்பே, மகள் அமெரிக்காவில் எஞ்சினியரிங் படிக்கப்போகிறாள் என்று சொல்லிவிடுவேன். இப்படி ஏழு மாதம் சொல்லியாயிற்று.

பிறகுதான் மீன் கடையில் அந்தக் கதை காதில் விழுந்தது. அமெரிக்காவில் எஞ்சினியரிங் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் கொம்பியூட்டரே செய்கிறது, ஜெகனைப் பார்க்கவில்லையா என்றார் விளைமீன் வெட்டுவித்துக்கொண்டு நின்ற ஒருவர். ஜெகன் என் மனைவி வசந்தியின் பள்ளித் தோழி மலரின் மகன். ரொறன்ரோவில் எஞ்சினியரிங் படித்து, மிச்சிகனில் ஒரு கார்க் கொம்பனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். அவன் 401 நெடுஞ்சாலையில் ட்ரக் ஓட்டிக்கொண்டு வந்ததை யாரோ கண்ணால் கண்டார்களாம். இப்போது இருப்பதும் லொறிச் சாரதிகள் நிறைந்த பிறம்ரனில். பிறம்ரனையும் ட்ரக்கையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆறு வருட எஞ்சினியர் லொறி ஓடுகிறான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமைக்கு முன் அவனை நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

காலை 9.40க்குப் புறப்பட்டோம். மார்க்கம் வீதியால் 401க்கு வந்து, அதில் மேற்கே போய், 410இல் வடக்கே ஏறினால் பிறம்ரன். 54 கிலோமீற்றர், 52 நிமிடம். வழியில் மூன்று கோப்பி 7 டொலர் 85 சதம். ஞாயிறு காலையில் 401 காலியாகத்தான் இருக்கும், ஆகவே கட்டண நெடுஞ்சாலையில் ஏறி வீரம் காட்டத் தேவையில்லை.

வேலை போனவரின் வீட்டுக்குப் போவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. சாப்பாடு கொண்டுபோக வேண்டும். வேலையைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. குளிரைப் பற்றியும் சீனி வருத்தத்தைப் பற்றியும் பேச வேண்டும். புறப்படும்போது, வாசலில் சப்பாத்துப் போடுகிற அந்த இரண்டு நிமிடத்தில், குரலைத் தாழ்த்தி உண்மையைக் கேட்க வேண்டும். அதன்படி வசந்தி இடியப்பம், சொதி, இறைச்சிக்கறி எல்லாம் கட்டிக்கொண்டாள். அபி பின்சீற்றில் காதில் எதையோ செருகிக்கொண்டு இருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தது ஜெகன்தான். செம்மஞ்சள் நிறப் பாதுகாப்பு அங்கி, கை முழுக்க எண்ணெய். பார்த்ததும் எங்கள் கணக்கு சரி என்றே தோன்றியது. வசந்தியின் கண் அவனுடைய வலது சின்னவிரலில் நின்றது. என் இடுப்பில் கிள்ளினாள்.

"இரும்பு மோதிரம் போட்டிருக்கிறான். சனி நடக்குது போலை."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வேலையைப் பற்றிக் கேட்கக்கூடாதே தவிர, கிரகத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று முறையில் இல்லையே. நான் அவனை சோபாவில் இருத்தி, ஏழரைச் சனி யாரையும் விட்டதில்லை, எனக்கு நடந்தபோது பதினொரு மாதம் ஒரு வீடுகூட விற்கவில்லை, சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு வை, வெறும் இரும்பு மோதிரம் மட்டும் காணாது என்று பத்து நிமிடம் பேசினேன். அவனும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டான். முடிந்தபிறகு கையை நீட்டினான்.

"அங்கிள், இது எஞ்சினியர்மார் போடுற மோதிரம். கனடாவிலை எஞ்சினியரிங் படிச்சு முடிக்கேக்கை தாறவை. செய்யிற வேலையிலை பிழை விட்டால் ஆக்களுக்கு ஆபத்து எண்டதை மறக்காமல் இருக்க."

அபி குஷனை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது முதலே தெரியுமாம். குசினியிலிருந்து மலர் எட்டிப் பார்த்து, "அப்ப நீங்கள் துக்கம் விசாரிக்கவோ வந்தனீங்கள்?" என்றாள். வசந்தி இடியப்பப் பெட்டியை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உண்மை இதுதான். மீன் கடைக் கதையில் பாதி சரி. ஜெகனுக்கு மிச்சிகனில் வேலை போனது. காலை 9.10க்குக் கூட்டம், 9.40க்குக் கொம்பியூட்டர் பூட்டப்பட்டுவிட்டது. வேலை விசாவில் இருந்தவனுக்கு அதற்குப் பிறகு அங்கே நிற்க அறுபது நாள். வேலை கிடைக்காமல் ஐம்பத்தோராவது நாள் ஒரு ட்ரக்கை வாடகைக்கு எடுத்து, தளபாடங்களை ஏற்றிக்கொண்டு தாய் வீட்டுக்கு ஓட்டி வந்தான். ஊர் கண்டது அந்த ஒருநாள் ட்ரக்கை. மூன்று மாதத்தில் வேறு வேலை. பொதிகளை முகவரிப்படி பிரிக்கும் இயந்திரம் செய்கிற கொம்பனி, அதுவும் அமெரிக்கக் கொம்பனி. பிறம்ரன் வெயர்ஹவுஸ்களில் இயந்திரத்தைச் சோதிக்கிறான், மாதத்தில் இரண்டு கிழமை எல்லை தாண்டிப் போய் அங்கே பொருத்துகிறான்.

வந்த விஷயத்தை இனி ஒளிக்க முடியாது. கேட்டேன். அவன் பூசி மெழுகவில்லை. மேசையில் இருந்தபடி கணினி நிரல் எழுதும் ஆரம்ப வேலைகள் சுருங்கிவிட்டன, முன்பு புதிதாக வந்த பொடியளுக்குக் கொடுத்ததை இப்போது மென்பொருளே எழுதிவிடுகிறது என்றான். ஆனால் அசைகிற, தூக்குகிற, வெப்பமாகிற எதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கத்தான் வேண்டும், தான் போகும் இடங்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றான். வேலை போனால் அமெரிக்கப் பிள்ளை தாய் தகப்பன் வீட்டு நிலவறைக்குப் போகும், வெளிநாட்டுப் பிள்ளை விசா நாட்களை எண்ணும், வித்தியாசம் அவ்வளவுதான் என்றான். கனேடியக் குடியுரிமையும் எஞ்சினியரிங் பட்டமும் வேலைக் கடிதமும் இருந்தால் எல்லையிலேயே வேலை அனுமதி கேட்கலாம் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாப்பிட்ட பிறகு கராஜைக் காட்டினான். வீட்டில் வைத்துச் சோதிக்க அவன் செய்த சின்ன மாதிரி இயந்திரம்: பொதிகள் ஓடும் மூன்று மீற்றர் நீளப் பட்டி, மேலே ஒரு கமரா, கீழே உருளைகள். அட்டைப் பெட்டிகளை அழகாகப் பிரித்தது. மெல்லிய பிளாஸ்டிக் பை வந்தால் மட்டும் உருளைகளுக்கு நடுவே போய்ச் சிக்கியது. கமரா பையைச் சரியாக அடையாளம் காண்கிறது, பைக்குத்தான் அது தெரியவில்லை என்றான் ஜெகன். அபி காதில் இருந்ததைக் கழற்றினாள். உருளைகளின் இடைவெளியை விரலால் அளந்தாள். ஏன் இதைக் கிட்டக் கொண்டுவரவில்லை என்று கேட்டாள். கொண்டுவந்தால் பெட்டி துள்ளும் என்றான். துள்ளட்டும், பார்ப்போம் என்றாள்.

நாங்கள் இரண்டு தேத்தண்ணி குடித்தோம். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் என் மகள் கறுத்த கைகளோடு நிலத்தில் இருக்கிறாள். ஐந்து பைகளில் இரண்டு ஒழுங்காகப் போகின்றன, மூன்று சிக்குகின்றன. முதலில் ஒன்றுமே போகவில்லை என்று எனக்கு அறிவித்தாள். அப்படி ஒரு முகத்தை அவளுடைய பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

வாசலில் சப்பாத்துப் போடும்போது முறைப்படி குரலைத் தாழ்த்தினேன்.

"மறைக்காமல் சொல்லும் ஜெகன். திரும்பவும் பதினேழு வயசெண்டால் இதைத்தான் படிப்பீரோ?"

"ஓம் அங்கிள். வேலைதான் போனது. செய்யத் தெரிஞ்சது என்னட்டைத்தான் கிடந்தது."

திரும்பி வரும்போது 410இல் ஒரு விபத்து, முப்பது நிமிடம் நின்றோம். 401 ஓரமாக ஒரு கோப்பிக் கடையில் காரை நிறுத்தினேன். மணி 4.50. வசந்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியில் அபியைப் பார்த்து, நீ என்னம்மா நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"அப்பா, ஐ வாண்ட் மெக்கானிக்கல். நான் இங்கதான் படிக்கப்போறன். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போவன், அவை கூப்பிட்டா."

"கூப்பிடாட்டி?"

"அவைக்குத்தான் நட்டம்."

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அங்கேயே பதில் அனுப்பினாள். ஒஹாயோவுக்கு நன்றி சொல்லி ஒரு வரியும் எழுதினாள். ஏழு மாதமாக நான் ஊரெல்லாம் சொன்னதைத் திருப்பி எடுக்க இன்னும் ஒரு ஏழு மாதம் ஆகும், அது என் தலைவிதி.

இதே கேள்வியோடு பயணம் போக நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் எஞ்சினியருக்கு இடம் இருக்கிறது, பயப்படாதீர்கள். பிள்ளை எந்தப் பிரிவைப் படிக்கிறது, வேலை போனால் எந்த நாட்டில் நின்று அடுத்ததைத் தேடும் என்ற இரண்டையும் முதலில் யோசியுங்கள். மீன் கடையில் மீன் மட்டும் வாங்குங்கள். வேலை போய் மீண்டவர் ஒருவரைத் தேடிப்போய்க் கேளுங்கள், வேலை போகாதவருக்கு ஒன்றும் தெரியாது. போகும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், எண்ணெய் பட்டாலும் பரவாயில்லாத பழைய உடுப்பும் கொண்டுபோங்கள். நான் இந்தக் கேள்வியை மீன் வெட்டுபவர் உட்பட எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். படிக்கப்போகிறவளிடம் கேட்டது ஞாயிறு 4.50க்குத்தான். பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.