கராஜ் ஃப்ரிட்ஜ்

எங்கள் தமிழ்ப் பள்ளியின் தலைவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், யாராவது மைக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. அமெரிக்காவில், டாலஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் காப்பெலில் எல்லோருக்கும் அவர் அங்கிள். எனக்கு இன்றைக்கு அப்படிக் கூப்பிட வாய் கூசுகிறது.

நான் ஒரு பெரிய ஜப்பானியப் பான நிறுவனத்தின் ஆலையில், ஈஸ்ட் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாட்டில் டீயும் போடுகிறார்கள், பீரும் தயாரிக்கிறார்கள். என் பிரிவு பீர். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வாரமெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் என் மகள், அந்த வகுப்பில்தான் தமிழில் வாய் திறப்பாள். அதற்காகவே அந்த வகுப்பு எனக்கு வேண்டியிருந்தது.

போன வருஷம் யாரோ என் வேலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கிள் வீட்டுக்கு வரச் சொன்னார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலில் சாமி படங்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதம்மா. பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. பீர் கம்பெனில இருக்கறவங்க கிளாஸ் எடுத்தா குழந்தைங்களுக்கு என்ன வேல்யூஸ் வரும்? அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளைப் போட்டுட்டோம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. எழுந்துவிட்டேன்.

செருப்பைக் கார் நிறுத்தும் கராஜில் விட்டிருந்தோம். வழியனுப்ப அவரும் வந்தார். அங்கே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். நம் ஆட்கள் வீட்டுக்குள் குடிக்க மாட்டார்கள், உள்ளே சாமி இருக்கிறதாம். கராஜில் மடக்கு நாற்காலி போட்டு, கதவைப் பாதி இறக்கிவிட்டுக் குடிப்பார்கள். சாமிக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது போலிருக்கிறது. அங்கிள் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். தட்டுத் தட்டாக எங்கள் ஆலையின் பீர் கேன்கள்.

"ஆன்யுவல் டே முடிஞ்சதும் கமிட்டி ஆளுங்களுக்கு ஒரு பார்ட்டி இருக்கும்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "உனக்கு எம்ப்ளாயி டிஸ்கவுன்ட் உண்டில்ல? நாலு கேஸ் பீர் அரேஞ்ச் பண்ணேன்."

வெட்கங்கெட்ட மனுஷன். கேட்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

"வேண்டாம் அங்கிள். உங்க வேல்யூஸ் கெட்டுடும்," என்றேன்.

சிரிப்பு போயிற்று. வகுப்பும் போனது போனதுதான். இனி மகள் தமிழ் பேசின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டே காரை எடுத்தேன்.

பின் சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே அவள் தமிழில் சொன்னாள்:

"அம்மா, அந்த அங்கிள் பொய் சொல்றார். நான் அங்க போக மாட்டேன். நீ வீட்டுல கிளாஸ் எடு."