ஒரகடத்துச் சால்னா

ஒரகடம் கூட்ரோட்டுப் பரோட்டாக் கடை. விருதுநகரில் என்னோடு பத்தாவது வரை படித்த கணேசன், ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இருவரும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் மூழ்கடிக்கிறோம்.

“சோம்பு மணக்குற நம்ம ஸ்கூல் வாசல் கடைச் சால்னாவுக்கு இது கால்தூசி பெறுமாடா?”

“கிட்டவே வராது” என்கிறேன்.

கடைக்கார அக்காவுக்குச் சொந்த ஊர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கம். கரண்டியோடு என்னைப் பார்க்கிறார்.

“முழுவ வுட்றத பாத்தாலே தெரியுது, நீயும் விருதுநகருதான். இவரு தெனம் இதே பேச்சு. இவரு பொண்ணு எதிர் ஸ்கூல்ல படிக்குது, சாயங்காலம் இங்கதான் துன்னுது. நாளிக்கு எந்த ஊருக்குப் போனாலும் அது என் சால்னாவத்தான் சொல்லும், பாத்துக்கோ!”

கணேசன் மெல்லுவதை நிறுத்துகிறான். கொஞ்சம் யோசிக்கிறான்.

“அப்போ நாளையில இருந்து சோம்பு தூக்கலாப் போடுங்கக்கா.”