வாடகைத் தொட்டியில் பிள்ளை பெற்றவர்கள்

பிள்ளை பெறுவதற்குத் தொட்டி வாடகைக்கு விடும் தொழிலில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது கழுவினதா?" என்பதுதான். கழுவுகிறவள் நான். அவர்கள் கேட்பதும் என்னிடம்தான். கேட்டுவிட்டு என் கைகளை ஒருமுறை பார்ப்பார்கள். கதிரையோ கூடாரமோ சட்டிபானையோ, எதையாவது வாடகைக்குக் கொடுத்து வாங்குகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் என் எரிச்சல் உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை போலந்துக்குப் போய்விட்டது. அதன்பிறகு கிர்ஸ்டன் என்ற, ஓய்வுபெற்ற மருத்துவிச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே, இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் இருந்து பிள்ளை பெற விரும்பும் பெண்களுக்கு அவள் காற்றடிக்கும் தொட்டிகளை வாடகைக்கு விட்டாள். தொட்டியை வான் வண்டியில் கொண்டுபோய், எப்படிக் காற்றடிப்பது, எப்படித் தண்ணீர் நிரப்புவது என்று கணவன்மாருக்குக் காட்டிக்கொடுத்து, பிள்ளை பிறந்தபிறகு திருப்பி எடுத்துவந்து கழுவுவது என் வேலை. வன்னியில் யுத்தம் முடிந்த வருடத்தில் நடந்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். அந்த வருடம் நான் எல்லாரோடும் கோபமாக இருந்தேன். பாதிப் பேரோடாவது நியாயமாகத்தான்.

விளங்கினதுதான்

மாசி மாதம். ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே ஒரு பழைய பண்ணைவீடு. சுடுதண்ணீர்த் தாங்கியைப் பார்த்தவுடனேயே கணவனிடம் சொன்னேன். இந்தத் தாங்கி தொட்டியில் கால்வாசிக்கும் காணாது, பிள்ளைப்பேறு வருவதற்கு முன் ஒருநாள் நிரப்பிப் பாருங்கள் என்றேன். மூன்றுமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவன் அழகாகத் தலையாட்டினான்.

இரண்டு கிழமை கழித்துத் தொட்டியை எடுக்கப் போனால், குசினி முழுக்கப் பானைகள். முழங்கால் அளவுத் தண்ணீரில் மனைவி நடுங்கிக்கொண்டிருக்க, அவன் உருளைக்கிழங்கு அவிக்கும் பானைகளில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றியிருக்கிறான். கடைசியில் பிள்ளை கட்டிலில்தான் பிறந்தது. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று என்மேல் பாய்ந்தான். சொன்னேனே, என் டேனிஷ் விளங்கவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னான்.

"விளங்கினதுதான். ஆனால் டேனிஷ்காரர் யாராவது வந்து திரும்பச் சொல்வார்கள் என்று நினைத்தேன்."

முகம்

என் தம்பியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. அதனால் கைத்தொலைபேசியை நான் எங்கேயும் அணைத்துவைப்பதில்லை. பங்குனியில் ஒருநாள், ஹேர்னிங்கில் ஒரு வீட்டின் ஹோலில் தொட்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து மச்சாள் எடுத்தாள். தம்பி ஆட்கள் இருந்த இடத்தில் செல் குண்டு விழுந்ததாம். வேறொன்றும் அவளுக்குத் தெரியாது. நான் அரைவாசி ஊதிய தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டேன். அழுதேனா என்று ஞாபகம் இல்லை. அந்த வீட்டுப் பெண் கிர்ஸ்டனுக்கு முறையிட்டபடியால் அழுதிருக்கத்தான் வேண்டும்.

(அவர்கள் முகாமில் இருக்கிறார்கள் என்று ஆனி மாதக் கடைசியில்தான் தெரியவந்தது. நான்கு பேரில் மூன்று பேர். சின்னவள் இல்லை.)

கிர்ஸ்டன் கெட்டவள் அல்ல. கோப்பி ஊற்றித் தந்தாள், என் முதுகைத் தடவினாள். பிறகு, நாற்பது வருடம் பிள்ளைப்பேறு பார்த்தவளின் அமைதியான குரலில் சொன்னாள்.

"உன் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த முகத்தோடு நீ வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக முடியாது."

அடுத்தநாளும் அதே முகத்தோடுதான் போனேன். வேறு முகம் என்னிடம் இருக்கவில்லை.

பாவிக்காத தொட்டி

சித்திரை மாதத்தில் ஒருவன் தொட்டியைத் திருப்பித் தந்தான். பிள்ளை அவசரமாக ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டது, தொட்டியைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை என்றான். கிர்ஸ்டனின் கராஜில் விரித்தால் பியர் மணம் ஆளைத் தூக்குகிறது. மடிப்புக்குள் ஏழு பியர் மூடிகள், ஒரு எலுமிச்சைத் துண்டு. அடித்தளத்தில் ஓட்டை. மூத்த மகனுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடந்த நாளில், தோட்டத்தில் ஐஸ் நிரப்பிப் போத்தல்களை அதற்குள் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரியவந்தது. உள்ளே விரிக்கும் பிளாஸ்டிக்கைக்கூடப் போடவில்லை.

அடுத்த வாடிக்கையாளருக்கு அந்தக் கிழமையே தொட்டி தேவை. ஓட்டையை ஒட்டி, கைநீட்டி உள்ளே தேய்த்துத் தேய்த்து எனக்குத் தோள்மூட்டு கழன்றுவிட்டது. மூடிகளை ஒரு பையில் போட்டு அவன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினேன். அவன் பையை வாங்கி, மூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பாவிக்காத தொட்டிக்குள் இவை எப்படி வந்தன என்று நீதான் சொல்லவேண்டும்."

பின்போட ஏலாதோ

வைகாசியில் முதல்முறையாக ஒரு தமிழ்ப்பெண் தொட்டி கேட்டாள். ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த சுகந்தி. அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. காற்றடிக்கும்போதே காரணத்தைச் சொன்னாள். மூத்தவன் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அவளுக்கு டேனிஷ் தெரியாது. கணவன் ரவிதான் மொழிபெயர்த்தான். "நான் வேண்டாம் வேண்டாமெண்டு கத்துறன் அக்கா, இவர் அவையளுக்கு ஓமெண்டு சொல்லுறார். அந்த ஒரு டேனிஷ் சொல் எனக்கு அப்பவே தெரியும்." இந்தமுறை வீட்டில், தண்ணீருக்குள், தான் சொல்வதை அப்படியே சொல்லும் ஒரு பெண்ணோடு பெற வேண்டும் என்றாள். அந்தப் பெண் யார் என்று நான் கேட்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரவிக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் அப்போது வந்தார். யுத்தத்தை நிறுத்தக் கேட்டு நடந்த ஊர்வலங்களுக்கு பஸ் ஒழுங்குசெய்கிறவர். ஹோலின் நடுவில் நின்ற தொட்டியைக் கண்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அங்கே சனம் பதுங்குகுழிக்குள் பிள்ளை பெறுகுது, இங்கே உங்களுக்குச் சுடுதண்ணித் தொட்டியோ என்றார். என் தம்பி அந்தக் குழிகளில் ஒன்றில் இருந்தான். சுகந்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பெற்றால் அங்கே விழும் செல்லில் ஒன்று குறையுமோ என்று நான் கேட்டேன். அவர் என்னைக் கணக்கில் எடுக்காமல் சுகந்தியிடம் திரும்பினார். "தங்கச்சி, இதெல்லாத்தையும் ரெண்டு கிழமை பின்போட ஏலாதோ?"

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்களே பிள்ளையிட்டை கேட்டுப்பாருங்கோ அண்ணை."

சொன்னதைச் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்திக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கியது. ரவி முதல்நாளே கோப்பன்ஹேகனுக்குப் போயிருந்தான். பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் கூடி, யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அவன் போனதைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவன் அக்காவும் வன்னிக்குள்தான் இருந்தாள். ஆனாலும் கோபம் வந்தது.

தொட்டியை நான் நிரப்பினேன். முப்பத்தேழு பாகை. மருத்துவிச்சி வந்தாள், இளம் டேனிஷ்காரி. மத்தியானத்துக்குப் பிறகு நோ மந்தமாகிவிட்டது. பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, காத்திருக்கலாம், விரும்பினால் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், சுகந்தி சொல்வதுபோலச் செய்வோம் என்றாள். அதே நேரம் ரவி எனக்குத் தொலைபேசி எடுத்தான். பின்னால் சனத்தின் கூச்சல். "அக்கா, அவள் சொல்லுறதை விடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதமெண்டு சொல்லிவிடுங்கோ."

ஏதாவது நடந்தால் முழுப் பழியும் என் தலையில்தான் விழும். அவன் சொன்னதைச் சொல்லிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம். இத்தனை தொட்டி கழுவியிருக்கிறேன், ஒரு பிள்ளை பிறப்பதைக்கூட நான் பார்த்ததில்லை. தொலைபேசியை அணைத்தேன், அந்த வருடத்தில் முதல்முறையாக. சுகந்தியிடம் இரண்டு வழியையும் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டேன். அவள் கண்ணை மூடியபடி சொன்னாள். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் டேனிஷில் சொன்னேன். "போகமாட்டாளாம். தண்ணீர் ஆறிவிட்டதாம். சூடாக்கட்டாம்."

சூடாக்கினேன். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி சுகந்தியின் நெஞ்சில் வைத்தாள். அது அழுவதற்கு முன் கண்ணைத் திறந்து பார்த்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் ஈரநிலத்தில் இருந்து, எதற்கென்று தெரியாமல் அழுதேன். மருத்துவிச்சி என் தோளில் ஒரு துவாயைப் போட்டாள்.

"இன்றைக்கு நீ மொழிபெயர்க்காத ஒரே விஷயம் இந்த அழுகைதான்."

எடுக்கப் போன நாள்

அடுத்தநாள் யுத்தம் முடிந்துவிட்டதென்று செய்தியில் சொன்னார்கள். டேனிஷ் வானொலியில் அதற்குப் பிறகு காலநிலை வந்தது. செவ்வாய்க்கிழமை தொட்டியை எடுக்கப் போனேன். ரவி வந்திருந்தான். முதல்நாள் முழுக்க அவனுக்குச் சொல்வதற்கென்று ஏச்சுகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மூத்தவன் பிறந்த நாளில் அவன் சொன்ன ஓமிலிருந்து தொடங்குவதாக இருந்தேன்.

கத்திக் கத்தி அவனுக்குக் குரல் போயிருந்தது. சப்பாத்துகூடக் கழற்றவில்லை. பிள்ளை அவன் கையில் இருந்தது. அக்கா பற்றி ஏதும் தெரியுமா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, காற்றுமாதிரி வந்த குரலில் கேட்டான்.

"அக்கா, பிள்ளை பிறக்கேக்கை நான் இல்லைத்தானே, இன்னும் ரெண்டு நாள் இது இஞ்சை நிக்கலாமோ?"

அந்த வருடக் கடைசியில் கிர்ஸ்டனிடமிருந்து விலகி முதியோர் இல்லமொன்றில் சேர்ந்தேன், முதல்நாளே என்னை ஒருவரைக் குளிப்பாட்டத்தான் விட்டார்கள், அவரும் தண்ணீர் ஆறிவிட்டதென்று என்னோடுதான் கோபித்துக்கொண்டார்.