எந்தப் பெட்டியில முதல் காசு போடறது?

ஜவுளிக்கடைக்காரனுக்கு ஆளைப் பார்த்ததும் அளவு தெரியணும். வீடியோ கேம் கடைக்காரனுக்கு ஆளைப் பார்த்ததும் எந்த ஆட்டம்னு தெரியணும். எனக்குத் தெரியல. கடை வச்சு அவஸ்தைப்பட்டவங்க யாராவது இதைப் படிச்சா, சிரிக்காம படிங்க.

எண்பதுகளோட கடைசியில, விழுப்புரத்துல பார்த்துக்கினு இருந்த வேலையை விட்டுட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்துல, காசு போட்டா ஆடற மூணு வீடியோ கேம் பெட்டியோட கடை திறந்தேன். ஒண்ணு கார் ஓட்டறது, ஒண்ணு பந்தால செங்கல்லை உடைக்கிறது, ஒண்ணு மேலேர்ந்து இறங்கற பூச்சிங்களைச் சுடறது. ரெண்டாவது மாசமே எவரோ, இது சூதாட்டக் கடைன்னு ஸ்டேஷனுக்கு மனு எழுதிப் போட்டுட்டாரு. ஏட்டையா நேர்ல வந்து பார்ப்பாரு, அவர் சூதாட்டம்னு எழுதிட்டா கடைக்குப் பூட்டுதான்னு சொல்லிட்டாங்க. வேலையும் இல்ல, கடையும் இல்லன்னா என் கதி அதோகதி.

டிரைவர் அண்ணனும் கார் பெட்டியும்

மயிலம் ரூட்ல பஸ் ஓட்டற அண்ணன் ஒருத்தர், அடுத்த டிரிப்புக்கு நேரம் இருக்குன்னு உள்ள வந்தாரு. இதுவரைக்கும் ஆடினதே இல்லப்பா, எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டாரு. டிரைவருக்குக் கார் பெட்டிதானே? பெருமையா உக்கார வச்சேன்.

மனுஷன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஆரம்பிச்சாரு. பின்னாடி வர்ற காருக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டாரு. வளைவு வந்தா நின்னு போனாரு. ஹாரன் எங்கன்னு தேடினாரு. பாதி தூரம்கூடப் போவல, டைம் முடிஞ்சிடுச்சு. மூணு வாட்டியும் இதே கதை. இடிச்சா ஒண்ணும் ஆவாதுண்ணே, சும்மா அடிச்சிக்கினு போங்கன்னு சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாரு.

"இருவது வருஷமா நான் யாரையும் இடிச்சதில்லப்பா. உன் பெட்டிக்காவ இன்னிக்கு ஆரம்பிக்கச் சொல்றியா?"

மழைக்கு ஒதுங்கின அஞ்சலையக்கா

கடை வாசல்ல பூ விக்கிறவங்க அஞ்சலையக்கா. அமாவாசையன்னிக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போற பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டம்தான் அவங்க வியாபாரம். ஒரு அமாவாசை மழை கொட்டிடுச்சு. கூடையோட உள்ள வந்து ஒதுங்கினாங்க. சும்மா நிக்கிறாங்களேன்னு, இருக்கிறதுலயே சுலபமான செங்கல் பெட்டியைக் காட்டினேன். அவங்க அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பூச்சிப் பெட்டியைக் காட்டி, மொதல்ல நீ ஆடு, நான் பாக்கறேன்னாங்க.

நான் ஆடிச் செத்தேன், மறுபடி ஆடிச் செத்தேன். அவங்க வேடிக்கை பார்த்தபடி பூ கட்டிக்கினே இருந்தாங்க. அப்புறம் எழுந்து வந்து ஆடினாங்க பாருங்க, அடேயப்பா! ஓரத்துப் பூச்சி எப்ப இறங்கும், நடுவுல இருக்கிறது எப்ப திரும்பும், எல்லாம் மனப்பாடம். மூணே நாள்ல, இந்தத் தெருவுல யாரும் தொடாத கட்டத்தைத் தாண்டிட்டாங்க. எப்படிக்கா உனக்கு மட்டும் வருதுன்னு கேட்டுட்டேன்.

"நீ உன் கையைப் பாத்துக்கினு ஆடற தம்பி. பூ கட்டறப்ப நான் கையைப் பாத்துக்கினு இருந்தா, போற வர்ற ஜனத்தை யாரு பாக்கறது?"

ஏட்டையா வந்தார்

பட்டும் புத்தி வரல எனக்கு. போலீஸ்காரராச்சே, சுடற பெட்டிதான் சரின்னு ஏட்டையாவைப் பூச்சிப் பெட்டி முன்னாடி நிறுத்தினேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. மறுபடியும் அதேதான். மூணாவது வாட்டியும் தோத்ததும், எல்லாம் அதிர்ஷ்டம்தான் போலருக்கேன்னு முணுமுணுத்துக்கினு நோட்டை எடுத்தாரு. அதிர்ஷ்டம்னு எழுதிட்டா அது சூதாட்டம்தானே, கடைக்குப் பூட்டுதான்!

வாசல்ல இருந்த அஞ்சலையக்கா கூடையை இறக்கி வச்சிட்டு உள்ள வந்தாங்க. நான் ஆடறதைப் பாத்துட்டு எழுதுங்க ஐயான்னாங்க. எந்தப் பூச்சி எங்க இறங்கும்னு முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் சுட்டாங்க. சொன்னது சொன்னபடி இறங்கிச்சு. முடிச்சிட்டு, மொதல்லேர்ந்து அதே மாதிரி இன்னொரு வாட்டி ஆடிக் காட்டினாங்க. அந்தக் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம்னு இருந்துச்சு எனக்கு.

ஏட்டையா நோட்டை மூடினாரு. தொப்பியைக் கழட்டி என் மேஜை மேல வச்சாரு. புது ஆளுக்கு எது சரிப்படும்னு என்னைக் கேக்கல, அக்காவைக் கேட்டாரு. அவங்க செங்கல் பெட்டியைக் காட்டி, அவசரப்படாம பந்தை மட்டும் பாருங்கன்னாங்க. நாலு வரிசை உடைச்சிட்டுத்தான் நிமிர்ந்தாரு. ஐயா, அந்த மனுன்னு நான் இழுத்தேன்.

"சூதாட்டமா இருந்தா எனக்கும் ஒரு வாட்டியாவது விழுந்திருக்கும்யா. இது அந்தம்மா கையில இருக்கிற வித்தை, அப்படியே எழுதிடறேன்."

அன்னியிலேர்ந்து புதுசா யார் வந்து எந்தப் பெட்டின்னு கேட்டாலும், வாசல்ல பூ கட்டிக்கினு இருக்கிற அக்காவைக் கேளுங்கன்னு கை காட்டினதுதான், அந்தக் கடையில நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை.