கணவாய் ஊரில் எடுத்த படம்

நோர்வேயில், ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. என்னோடு காய்கறி வெட்டும் சீனப் பெண்ணின் சொந்த ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு காலத்தில் அதுதான் அவர்கள் நாட்டின் எல்லைக் கணவாய். குளிர்கால விடுமுறையில் நானும் கணவரும் சீனாவுக்குப் போகிறோம், அங்கே சுற்றுலா பஸ்ஸில் அந்தப் பக்கமும் போவோம் என்றதும், தகப்பனுக்கென்று மீன் எண்ணெய்க் குளிசைகளும் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றும் தந்துவிட்டாள். ஊருக்குப் போகிறவர்கள் தலையில் பார்சல் கட்டுவதில் எங்கள் தமிழ் ஆட்களை விட அவள் ஒரு படி மேல்.

பஸ்ஸில் வந்த மற்றவர்கள் கணவாயின் கோட்டை வாசலைப் பார்க்க ஓட, நாங்கள் அதற்கு உட்புறமிருந்த ஒற்றைத் தெருவில் வீட்டைத் தேடினோம். இரண்டு பக்கமும் மதில் மலையேறிப் போனது. காற்று காதைப் பிய்த்தது. அவளுடைய தம்பி கதவைத் திறந்தான். உள்ளே தகப்பன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். தம்பி கைபேசியில் தன் மொழியில் பேச, அது நோர்வேஜிய மொழியில் மாற்றிச் சொன்னது: அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், தனியாக இருக்கிறாள், தாங்கமாட்டாள்.

உடனே தலையாட்டினேன். எனக்கு இது புதிதா என்ன? என் அப்பா செத்தபோதும் அதை மறைத்து, "கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வா" என்றுதான் சொன்னார்கள். சொன்னவர்களோடு நெடுநாள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதே நான், அந்த மனிதரைத் தலையணை வைத்து நிமிர்த்தி, புதுச் சட்டையை மாட்டி, தம்பி பின்னாலிருந்து தாங்க, அவன் கை தெரியாதபடி படம் எடுத்தேன். வெளிச்சம் போதாதென்று திரைச்சீலையை விலக்கியதும் நான்தான்.

திரும்பி வந்து காட்டிய படத்தைப் பார்த்து அவள் கண் கலங்கிச் சிரித்தாள். அப்பா சதை போட்டிருக்கிறார் என்றாள். அது சட்டையின் தடிப்பு. நான் ஆமென்று தலையாட்டினேன். அதன்பிறகு மதியச் சாப்பாட்டின்போதெல்லாம் அவரைப் பற்றியே கேட்டாள். தேநீர் ஊற்றித் தந்தார், பகிடி விட்டுச் சிரித்தார் என்று நானும் புதிது புதிதாகச் சொன்னேன். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையை அவளிடம் சொல்லிவிடட்டுமா என்று கணவரைக் கேட்டேன்.

"அது அவையின்ரை வீட்டு விசயம். நீர் ஏன் இடையிலை போறீர்?" என்றார் கணவர்.

போன வெள்ளிக்கிழமை அவள் சந்தோஷமாக வந்தாள். பாஸ்கா, அதுதான் ஈஸ்டர் நேரத்தில் தகப்பனைப் பார்க்கப் போகவென்று வைத்திருந்த லீவை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளாம். அவர்தான் நன்றாக இருக்கிறாரே, கோடையில் போகலாம். பெரிய கிழமையில் தேவாலயப் பூசைக்குப் போக முடியவில்லை என்று வருடா வருடம் மூக்கால் அழுகிறாய், இந்த முறை போய் வா என்றாள்.

அந்த லீவில் போய் எந்த முகத்தோடு முழங்காலில் நிற்பது? கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. ஏப்ரனைக் கழற்றினாள். வாசல் வரை போய்த் திரும்பி, "இப்போது உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அது உண்மை. அவள் நம்பவில்லை.