உதட்டில் முந்திரி, முதுகில் காளான்

மருந்துக் கடைக்காரன் தொழில் என்பது பாதி நேரம் ஊரார் சொறிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். என் கடை மாமல்லபுரத்தில். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சகோதரர்களே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். தடிப்போடு வருகிறவனிடம் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், பரம்பரையையே திட்டிவிட்டதுபோல் முறைப்பான். பச்சையாகத் தின்றது எதுவும் அவன் கணக்கில் சாப்பாடே அல்ல.

பல்லால் உடைத்தவர்

செய்யூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். உதடு இரண்டும் வடை மாதிரி வீங்கி, மோவாயெல்லாம் கொப்புளம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அந்தத் தண்ணீரால்தான் என்று சாதித்தார். அந்தத் தண்ணீர் போவது சென்னைக்கு. இவர் குடிப்பதோ வீட்டு போர் தண்ணீர்.

விரலில் கறுப்புக் கறை இருந்தது. "பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லால் உடைச்சீங்களா?" என்றேன். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்றும் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

"கடிச்சித் துப்பிட்டேன் சார், முழுங்கவே இல்ல. அது எப்டி சாப்ட்ட கணக்குல வரும்?"

விஷம் வெளியேற்றியவர்

இவர் இங்கே கடற்கரை ரிசார்ட் ஒன்றில் யோகா சொல்லித் தருகிறவர். அடுப்பில் ஏறிய எதையும் தொடமாட்டார். மரத்தில் பறித்த மாங்காயைப் பால் வடிய வடியக் கடித்து, வாயைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். காம்பைக் கிள்ளி, பாலை வடித்து, கழுவித் தின்னக் கூடாதா என்றேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"உடம்புல இருக்கிற விஷம் வெளிய வருது சார், அதைத் தடுக்கக் கூடாது. ஆனா நாளைக்கு போட்டோ எடுக்கிறாங்க, மறைக்கிற மாதிரி ஒரு கிரீம் குடுங்க."

பெல்ட் அடி

போன மாதம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே, அதே ரிசார்ட்டில் காய் நறுக்கும் ஸ்டெல்லா, அவள் அண்ணன் சகாயம், சகாயம் விட்ட குத்தில் உதடு கிழிந்த அவள் புருஷன் பீட்டர். ஸ்டெல்லாவின் கழுத்திலிருந்து முதுகுவரை சாட்டையால் விளாசியதுபோல் சிவப்புக் கோடுகள். "பெல்ட்டால அடிச்சிகீறான் அண்ணாத்த. மருந்து குடு, இவன ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறேன்" என்றான் சகாயம். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் "நீ பயப்படாத" என்று அடக்கினான்.

இதே கோடுகளை அந்த ரிசார்ட்டில் தங்கிய ஒரு வெள்ளைக்காரர் முதுகில் பார்த்திருக்கிறேன். ஷிட்டாகே என்றொரு காளான். சரியாக வேகவைக்காமல் தின்றால் சிலருக்கு இப்படி ஆகும் என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். "ரிசார்ட்ல மீந்த சாலட்ல காளான் சாப்ட்டாங்களா?" என்று கேட்டேன், சகாயத்தைப் பார்த்து. அவனுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் தலையாட்டினாள்.

அப்போதும் எனக்கு நிம்மதி இல்லை. ஒருவேளை நிஜமாகவே பெல்ட்டாக இருந்து, என் மேதாவித்தனம் பீட்டரைத் தப்பவிட்டால்? ஆண்கள் இருவரையும் எதிர் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, அவன் அடித்தானா என்று அவளிடம் தனியாகக் கேட்டேன். செங்கல்பட்டு டாக்டரும் பிறகு காளான்தான் என்றார். ஆனால் எனக்கு இன்னும் காதில் விழுவது அன்று அவள் போட்ட சத்தம்:

"அவன் அடிச்சிருந்தா ஊரக் கூட்டியிருக்க மாட்டனா? காலைலருந்து ஒருத்தராவது என்னக் கேட்டீங்களாணா?"

தோல் அரிப்புக்கு என் கடையில் மூன்று அலமாரி நிறைய மருந்து இருக்கிறது, கேட்பதற்கு முன்பே கை அரிக்கிறவர்களுக்குத்தான் இன்னும் சரக்கு வரவில்லை.